சான்றிதழை விலைக்கு வாங்காதீர்கள்

கேள்வி: என் மகன் ராணிப்பேட்டையில் வெல்டர். வளைகுடாவில், நடுக்கடல் எண்ணெய் மேடையில் வேலை கிடைத்திருக்கிறது. எதில் விழிப்பாக இருக்க வேண்டும்? – ஒரு தாய், குடியாத்தம்.

பதில்: அம்மா, அங்கே பெர்மிட், அதாவது அந்தப் பற்றவைப்பு வேலைக்கென்று மேடையில் எழுதித் தரும் அனுமதிச் சீட்டு, இல்லாமல் அவன் பற்றவைக்கவே கூடாது. எந்த இடம், எந்த நேரம், எரிவாயு இல்லையென்று சோதித்தவரின் கையெழுத்து, மூன்றையும் தானே படித்துப் பார்க்க வேண்டும். ஷிப்ட் மாறினால் மறுபடியும் பார்க்க வேண்டும். 1988 ஜூலை 6 அன்று வட கடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் எரிவாயு வெடித்து 167 பேர் மாண்டார்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை, பம்பை ஓட்டிவிட்டார்கள்.

ஒரு விலக்கு உண்டு. வெல்டிங்குக்கென்றே ஒதுக்கிய பட்டறைக்குள் பெரும்பாலும் ஒவ்வொரு வேலைக்கும் தனி பெர்மிட் கேட்பதில்லை. பட்டறைக்குள் மட்டும்தான். வாசற்படியில் நின்று ஒரு கொக்கியை ஒட்டினாலும் அது வெளிவேலை. 'இரண்டே நிமிடம்' என்று மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் வெளிவேலைதான்.

எண்ணெயோடு வெளிவரக்கூடிய ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவின் அழுகிய முட்டை நாற்றம் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் இடங்களில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். நாற்றம் நின்றால் வாயு போய்விட்டது என்று நம்பக் கூடாது. அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். அலாரத்தை நம்பி, காற்று வீசி வரும் பக்கமாக நகர வேண்டும்.

என்னை வதைப்பது ஏஜென்டுகள்தான். 'பயிற்சிக்குப் போக வேண்டாம், சான்றிதழை நானே வாங்கித் தருகிறேன்' என்பான் ஒருவன். ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் உயிர் தப்பப் பழக்கும் அந்தப் பயிற்சியில் ஹெலிகாப்டர் கூண்டு ஒன்றை நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். ஒரு கை ஜன்னல் விளிம்பை விடாமல் பிடித்திருக்க, கூண்டின் ஆட்டம் நின்ற பிறகே மறு கை பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். அது கை பழக வேண்டிய வித்தை. காகிதம் மட்டும் வைத்திருப்பவன் நிஜக் கடலில் என்ன செய்வான்?

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான குடிபெயர்வுச் சட்டம் 1983-இலேயே வந்துவிட்டது. பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். இருந்தும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து லட்சக்கணக்கில் கறக்கிறார்கள். ஏமாந்த பிறகு புகாருக்கு நீங்கள்தான் அலைய வேண்டும். பணம் கொடுக்குமுன் ஏஜென்டின் பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உங்கள் மகனே தேடிப் பார்க்கட்டும். எண் இல்லையென்றால் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.