ஆட்டோ டாப்-ஆஃப் கேள்வி பதில்: ஊற்றுவது சுலபம், நிறுத்துவதுதான் வேலை

ஆவியாகிக் குறையும் தண்ணீரைத் தானாக ஈடுகட்டும் ஆட்டோ டாப்-ஆஃப் (இனி ஏடிஓ) பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சம்ப் என்று வரும் இடமெல்லாம் மீன்தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி. ஏடிஓ என்பது ஒரு சென்சார், ஒரு சின்னப் பம்ப், ஒரு சேமிப்புத் தொட்டி: மட்டம் குறைந்ததைச் சென்சார் பார்த்தால், பம்ப் சேமிப்புத் தொட்டியிலிருந்து தண்ணீரைச் சம்புக்கு அனுப்பும்.

கே: அண்ணா, தினமும் காலையில் ஒரு ஜக் தண்ணீர் ஊற்றிவிடுகிறேன். இதற்கு எதற்கு ஒரு மெஷின்?

ப: சம்ப் இல்லாத நன்னீர்த் தொட்டி என்றால் தேவையே இல்லை தம்பி, ஜக்கே போதும். கடல்நீர்த் தொட்டி, அதுவும் சம்ப் வைத்தது என்றால் கணக்கு வேறு. மொத்தம் 200 லிட்டர், உப்பு 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு), ஒரு நாளைக்கு 4 லிட்டர் ஆவியாகிறது என்று வைப்போம். உப்பு ஆவியாகாது, அதனால் ஒரே நாளில் 35.7 ஆகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மேலே உள்ள தொட்டியில் மட்டம் குறையவே குறையாது, ஏனென்றால் அங்கே மட்டத்தை ஓவர்ஃப்ளோ (தண்ணீர் வழிந்து சம்புக்கு இறங்கும் வாய்) பிடித்து வைத்திருக்கிறது. குறைவதெல்லாம் சம்பில் ரிட்டர்ன் பம்ப் (தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றுவது) இருக்கும் சின்ன அறையில். அந்த அறை 20 க்கு 30 சென்டிமீட்டர் என்றால் 4 லிட்டருக்கு ஆறரை சென்டிமீட்டருக்கும் மேல் இறங்கிவிடும். இரண்டு நாள் நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் பம்ப் காற்றை இழுக்கும், தொட்டி முழுக்க நுரைக்குமிழி வரும், அந்த அறையில் ஹீட்டரும் இருந்தால் அது வெளியே தெரிய ஆரம்பித்துக் கண்ணாடி விரிசல் விடும்.

கே: கடல்நீர்த் தொட்டிக்கு உப்புத் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்?

ப: வேண்டாம். போனது வெறும் தண்ணீர், திரும்பிப் போக வேண்டியதும் வெறும் தண்ணீர்தான், ஆர்ஓ தண்ணீராக இருந்தால் நல்லது. தண்ணீர் மாற்றும்போது மட்டும் உப்புத் தண்ணீர்.

கே: ஃப்ளோட் ஸ்விட்ச் நல்லதா, ஆப்டிகல் சென்சாரா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் சார்.

ப: இரண்டுமே ஏமாறும், ஏமாறும் விதம்தான் வேறு. ஃப்ளோட் ஸ்விட்சில் மிதவைக்குள் ஒரு காந்தம், நடுத்தண்டுக்குள் ஒரு ரீட் ஸ்விட்ச் (காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்). மிதவை இறங்கினால் ஏடிஓ பம்ப் ஓடும். அதன் மேல் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தால், அல்லது உப்பு படிந்து கீழேயே ஒட்டிக்கொண்டால், தண்ணீர் எவ்வளவு உயர்ந்தாலும் அது "குறைவு, குறைவு" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும். ஆப்டிகலில் அசையும் பாகம் இல்லை. முனையிலுள்ள பட்டகத்துக்குள் அகச்சிவப்பு ஒளி போகிறது. வெளியே காற்று இருந்தால் ஒளி திரும்பி வரும், தண்ணீர் இருந்தால் வெளியேறிவிடும். நத்தை தொல்லை குறைவு, ஆனால் முனையில் ஒரு குமிழி ஒட்டினால் காற்று என்று நினைத்து ஊற்றும். பிரகாசமான விளக்கு நேராக அடித்தாலும் சிலது குழம்பும்.

அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள், இரண்டையும் வையுங்கள். வேலைக்கு ஆப்டிகல், அதற்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலே அவசரத்துக்கு ஃப்ளோட். ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: இரண்டு சென்சாரும் ஒரே ரிலேவைத்தான் (பம்ப்பின் மின்சாரத்தை இணைத்து வெட்டும் ஸ்விட்ச்) இயக்குகின்றன என்றால், அந்த ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்ட அன்று இரண்டும் வீண். மேலே உள்ளது பம்ப்புக்குப் போகும் மின்சாரத்தைத் தனியாக வெட்ட வேண்டும். அப்புறம், சின்ன ரீட் ஸ்விட்சை வீட்டு மின்சாரத்தில் நேரடியாக மாட்டாதீர்கள், 12 வோல்ட் பம்ப் வாங்குங்கள்.

கே: சென்சாரை எங்கே வைப்பது? மேலே தொட்டியிலேயே வைத்தால் கண்ணுக்குத் தெரியுமே?

ப: கண்ணுக்குத் தெரியும், பயன் இல்லை. மேலே மட்டம் மாறாது என்று முதல் பதிலிலேயே சொன்னேன். ரிட்டர்ன் பம்ப் அறையில், குமிழியும் அலையும் இல்லாத மூலையில் வையுங்கள்.

கே: பம்ப் நின்றுவிட்டது, கையால் தொட்டுப் பார்த்தேன், நிச்சயமாக நின்றுவிட்டது. ஆனாலும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. சேமிப்புத் தொட்டியை ஒரு ஸ்டூல் மேல் வைத்திருக்கிறேன். ஒருவழி வால்வு போட்டால் சரியாகுமா?

ப: இது சைஃபன். சேமிப்புத் தொட்டியின் நீர்மட்டம் குழாயின் வாயை விட உயரத்தில் இருந்தால், பம்ப் ஒருமுறை தண்ணீரை இழுத்துவிட்ட பிறகு ஈர்ப்பு விசையே மீதி வேலையைச் செய்யும். ஒருவழி வால்வு இங்கே எதற்கும் உதவாது, ஏனென்றால் தண்ணீர் ஓடுவதே அது அனுமதிக்கும் திசையில்தான்! கடையில் இதைத்தான் விற்பார்கள், வாங்காதீர்கள். ஸ்டூலை எடுத்துவிட்டு, சேமிப்புத் தொட்டி நிரம்பியிருக்கும்போதுகூட அதன் மட்டம் குழாய் வாயை விடத் தாழ்வாக இருக்கும்படி தரையில் வையுங்கள். முடியாது என்றால் குழாயின் மிக உயரமான வளைவில், சேமிப்பு நீர்மட்டத்துக்கு மேலே, ஒரு சின்னத் துளை போடுங்கள். பம்ப் நின்றதும் அது காற்றை இழுத்து ஓட்டத்தை அறுத்துவிடும். பம்ப் ஓடும்போது துளையில் கொஞ்சம் சொட்டும், அது தொட்டிக்குள்ளேயே விழுமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயின் வாய் சம்ப் தண்ணீருக்குள் மூழ்கியும் இருக்கக் கூடாது. மூழ்கியிருந்தால் இதன் தலைகீழ் நடக்கும்: உப்புத் தண்ணீர் பின்னோக்கி இறங்கிச் சேமிப்புத் தொட்டிக்குள் போகும்.

கே: வாரம் ஒருமுறை நிரப்பச் சோம்பல். சேமிப்புத் தொட்டியாக 60 லிட்டர் டிரம் வைக்கலாமா?

ப: என்னைக் கேட்டால் ஏடிஓவில் எந்தச் சென்சாரையும் விட முக்கியமான பாதுகாப்பு இந்தத் தொட்டியின் அளவுதான். சென்சார், ரிலே, டைமர் எல்லாம் ஒரு நாள் பழுதாகும், ஆனால் 10 லிட்டர் தொட்டியிலிருந்து 11 லிட்டர் வர முடியாது. நாம் பார்த்த அதே 200 லிட்டரில் 10 லிட்டர் மொத்தமும் கொட்டினால் உப்பு 33.3 ஆகும், 20 லிட்டர் என்றால் 31.8. மீன் தாங்கும், பவளம் கொஞ்சம் முகம் சுளிக்கும். 60 லிட்டரும் கொட்டினால் 27க்கும் கீழே, அதற்கு மேல் தரையெல்லாம் வெள்ளம். கரண்ட் போனால் மேலிருந்து குழாய் வழியாகச் சம்புக்கு இறங்கும் தண்ணீர் ஒரு அளவு இருக்கிறதல்லவா, அதையும் சேமிப்புத் தொட்டியின் முழு அளவையும் சேர்த்துச் சம்பின் காலி இடம் தாங்க வேண்டும். அந்தக் கணக்கில் வரும் அளவுக்குத் தொட்டி வாங்குங்கள்.

கே: சார், ஆர்ஓ மெஷினிலிருந்தே நேராக ஒரு மிதவை வால்வு வைத்துவிட்டால் நிரப்பும் வேலையே இல்லையே?

ப: செய்பவர்கள் இருக்கிறார்கள், நான் செய்யமாட்டேன். மேலே சொன்ன "10 லிட்டரிலிருந்து 11 வராது" என்ற பாதுகாப்பே இதில் போய்விடுகிறது, வால்வு சிக்கினால் வரும் தண்ணீருக்கு முடிவே கிடையாது. தவிர ஆர்ஓ கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஓடி நின்றால், தொடங்கும்போது வரும் முதல் தண்ணீரில் கரைந்த உப்புகள் அதிகம் இருக்கும்.

கே: ஏடிஓ சரியாகத்தான் வேலை செய்கிறது, மட்டம் அப்படியே இருக்கிறது, ஆனால் உப்பு மாதாமாதம் குறைகிறது. ஏன்?

ப: மட்டம் எதனால் குறைந்தது என்று ஏடிஓவுக்குத் தெரியாது. ஸ்கிம்மர் (நுரையாக அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி) தண்ணியாக நிறைய எடுக்கிறதா என்று பாருங்கள், அது எடுப்பது உப்புத் தண்ணீர், ஈடாகப் போவது வெறும் தண்ணீர். சின்னக் கசிவும் இதே கதை. தண்ணீர் மாற்றும்போது ஏடிஓவை அணைக்க மறக்கிறீர்களா என்றும் யோசியுங்கள்.

இதில் மோசமானது ஒன்று உண்டு. ஓவர்ஃப்ளோ வாயை நத்தையோ பாசியோ அடைத்துவிட்டால் மேலே மட்டம் ஏறும், பம்ப் அறையில் இறங்கும். ஏடிஓ அதை ஆவியானதாக நினைத்து ஊற்றும், ரிட்டர்ன் பம்ப் அதையும் மேலே ஏற்றும், தொட்டி விளிம்பு தாண்டி வழியும். இங்கே சென்சார் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தும் வெள்ளம்தான். அதனால் மேலே ஒரு அவசர வடிகுழாய் கட்டாயம். ஏடிஓ பம்ப் தொடர்ந்து ஓடும் நேரத்துக்கு வரம்பு போடும் வசதி இருந்தால் அதையும் இறுக்கமாக வையுங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தள்ளும் பம்ப் என்றால் ஒரே தடவையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடத் தேவையே இல்லை.

கே: ஏடிஓ தண்ணீரில் கல்க்வாசர் (சுண்ணாம்பு நீர்) கலக்கலாமா?

ப: கலக்கலாம், கால்சியமும் காரத்தன்மையும் சேரும். ஆனால் லிட்டருக்கு ஒன்றரை கிராம் சுண்ணாம்பு கரைந்த அந்த நீரின் பிஎச் 12ஐத் தாண்டும். அது மொத்தமாகக் கொட்டினால் உப்பு குறைவதைப் பற்றி யாரும் கவலைப்படமாட்டார்கள், அதற்கு முன்பே பிஎச் ஏறித் தொட்டி பால் போல வெளுத்துவிடும். ஏடிஓ பல மாதம் தொல்லை இல்லாமல் ஓடிய பிறகு யோசியுங்கள், அப்போதும் மெதுவாகச் சொட்டும் டோசிங் பம்ப் வழியாக.

கே: செடி வளர்க்கும் நன்னீர்த் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீரை ஏடிஓவில் விடலாமா அண்ணா?

ப: குளோரின் நீக்கிவிட்டு விடலாம். ஆனால் ஆவியாகும்போது சுண்ணாம்பு பின்தங்குகிறது, நீங்கள் ஊற்றும்போது புதிதாகக் கொஞ்சம் வருகிறது, அதனால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். மட்டம் சரியாக இருக்கிறது என்று தண்ணீர் மாற்றுவதை நிறுத்திவிடாதீர்கள்.

கே: பராமரிப்பு என்ன?

ப: மாதம் ஒருமுறை சென்சாரைக் கழற்றி வினிகரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, நன்றாக அலசி மாட்டுங்கள். மாட்டியதும் வேலை சென்சாரைக் கையால் தூக்குங்கள், பம்ப் ஓட வேண்டும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அவசர மிதவையை விரலால் உயர்த்துங்கள், உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அதைச் சரிசெய்யும் வரை பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜக்கை எடுங்கள்.