டிபி மாத்திரையை இரட்டிப்பாக்கலாமா? முதலில் பையனின் எடையைப் பாருங்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு பாட்டி கேட்கிறார். பேரனுக்கு ஏழு வயது, எச்ஐவி உண்டு, இப்போது டிபியும் வந்திருக்கிறது. "எச்ஐவி இருந்தா டிபி மருந்து உடம்புல ஏறாதாமே, ரெண்டு மடங்கா கொடுக்கலாமா?"

வேண்டாம் அம்மா. நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. குழந்தைகள் உடம்பு இந்த மருந்துகளைப் பெரியவர்களைவிட வேகமாகச் செலவழித்துவிடும். அதோடு எச்ஐவியால் வயிற்றுப்போக்கு, மெலிவு என்று சேர்ந்தால் குடலும் சரியாக உறிஞ்சாது, டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் ரத்தத்தில் இன்னும் குறையும். சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்விலும் இது தெரிந்தது. குழந்தைகள் ரத்தத்தில் மருந்து இப்படிக் குறைவதால்தான் அவர்களுக்குக் கிலோவுக்கு 10 மி.கி. என்றிருந்த ரிஃபாம்பிசினை உலக சுகாதார நிறுவனம் 15 ஆக்கியது, வாரம் மூன்று நாள் முறையும் போய் இங்கே தினமும் மாத்திரை வந்தது. அதற்குமேல் நீங்களாக ஏற்றினால் கல்லீரல்தான் அடிவாங்கும்.

நிஜமான ஓட்டை எடையில் இருக்கிறது. தண்ணீரில் கரைக்கும் குழந்தை மாத்திரை 12 முதல் 15 கிலோ வரை மூன்று, 16 தொட்டால் நான்கு. பையன் தேறி 16 ஆகியிருப்பான், சீட்டில் பழைய மூன்றே ஓடிக்கொண்டிருக்கும். தராசில் நிறுத்த யாருக்கு நேரம்? டிபிக்கு ஒரு வரிசை, ஏஆர்டிக்கு, அதாவது எச்ஐவி மருந்துக்கு இன்னொரு வரிசை, இரண்டு நோட்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலை கடைசியில் பாட்டி தலையில்.

அப்புறம் இந்த புரோக்கர்கள். வேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே லாட்ஜ் வேணுமா என்று ஆரம்பித்து, "மருந்து லெவல் டெஸ்ட்", "மருந்தை ரத்தத்துல ஏத்துற டானிக்" வரை கொண்டுபோவார்கள். மருந்தை ஏற்றும் டானிக் என்று ஒன்று கிடையவே கிடையாது. அதில் இரும்பு, கால்சியம் இருந்தால் இன்னும் மோசம், டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்த டோலுடெக்ராவிர் விஷயத்தில் மட்டும் இரண்டு மடங்கு என்பது சரி. ரிஃபாம்பிசின் அதன் அளவைக் குறைத்துவிடும், அதனால் ஒரு வேளை சாப்பிடும் மாத்திரையை டிபி மருந்து ஓடும்வரை காலை, மாலை இரு வேளையாக்குவார்கள். டிபி மருந்து நின்ற பிறகும் இரண்டு வாரம் அப்படியே. இதையும் ஏஆர்டி மையத்தில்தான் எழுத வேண்டும், நீங்களோ மருந்துக்கடைக்காரரோ அல்ல. டிபி மருந்து தொடங்கியதை அங்கே சொன்னீர்களா? இல்லையென்றால் நாளைக்கே இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு. எடை போடாமல் சீட்டு எழுதினால் எழுந்து வராதீர்கள்.