ரக்பி ஊரில் மாட்டிக்கொண்ட ஃபுட்பால் ரசிகருக்கு

தெற்கு வேல்ஸில் இருக்கும் லானெத்லியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள், ஆபீஸில் எல்லாரும் ரக்பியே பேசுகிறார்கள், வேல்ஸ்காரர்களுக்கு ஃபுட்பாலே பிடிக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாகவே பிடிக்கும். நீங்கள் போய்ச் சேர்ந்த ஊர் அப்படி! 1972-இல் நியூசிலாந்தையே 9-3 என்று தோற்கடித்தது அந்த ஊர் கிளப்தான், அதை நேற்று நடந்த மாதிரி பேசுவார்கள். வேல்ஸின் தெற்கே சுரங்கமும் தகர ஆலையும் இருந்த ஊர்களில் ரக்பி வேர் பிடித்தது. வடக்கே லிவர்பூல், மான்செஸ்டர் கிட்டத்தில் இருப்பதால் அங்கே ஃபுட்பால்தான், வேல்ஸ் கால்பந்துச் சங்கம் 1876-இல் தொடங்கியதே ரெக்ஸமில்.

ஆனால் சுத்தமாகக் கோடு கிழிக்க முடியாது. தெற்கிலும் வாராவார கிளப் ஆட்டம் என்றால் கார்டிஃப் சிட்டி, ஸ்வான்சீ சிட்டி என்ற ஃபுட்பால் கிளப்புகளுக்குத்தான் கூட்டம் அதிகம். வருடா வருடம் ஆறு நாடுகள் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பி போட்டி வந்துவிட்டால் அதே ஆட்கள் ரக்பி பக்கம் தாவிவிடுவார்கள். 2016 யூரோ ஃபுட்பால் கோப்பையில் வேல்ஸ் அரையிறுதிக்குப் போனபோதும், 64 வருடம் கழித்து 2022-இல் உலகக் கோப்பை ஆடியபோதும் ரக்பி ரசிகர்களும் சேர்ந்துதான் கத்தினார்கள்.

அதனால் வேல்ஸ் ஃபுட்பால் நட்சத்திரம் கேரத் பேல் பேச்சை எடுத்துப் பாருங்கள், ஆள் சிக்குவார்கள். வேல்ஸ் ரக்பி அணி வரிசையாக 18 டெஸ்ட் (சர்வதேச ஆட்டம்) தோற்று, 2025 ஜூலையில் ஜப்பானை ஜெயித்துத்தான் மூச்சுவிட்டது, அதை மட்டும் கிண்டல் செய்யாதீர்கள். அப்புறம், கார்டிஃப் சிட்டி ரசிகன் என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள், உங்கள் பக்கத்து ஊர் ஸ்வான்சீ, இரண்டு கிளப்புக்கும் ஆகாது.