யார் யாரை விழுங்கியது?

அன்புள்ள ஆசிரியருக்கு,
சாஞ்சியின் பௌத்த ஸ்தூபியைப் பார்த்துவிட்டு வந்தேன். சிற்பங்களில் ஐந்து தலை நாகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பழைய நாக வழிபாட்டைப் பௌத்தம் விழுங்கிவிட்டது என்பதற்கு இது சான்றுதானே? நாகர்கள் தமிழர்கள் என்கிறார்களே, அதையும் விளக்குங்கள்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நாகர்கள் தமிழர்களா என்பதற்கு வேறு ஆளைப் பாருங்கள். மற்றதற்குப் பதில் எழுதக் காரணம், கொஞ்ச நாளாகவே பர்ஹுத் என்ற பழைய பௌத்த ஸ்தூபியின் தூண் ஒன்று என் மண்டைக்குள் நிற்கிறது.

சாஞ்சி கிழக்குத் தோரணவாயிலில், தீயை வழிபட்ட காசியப முனிவரின் அக்னிசாலையைப் பார்த்திருப்பீர்கள். கூரைச் சாளரங்களில் தீ பீறிட, உள்ளே ஆசனத்தின் பின்னால் நாகம். அங்கே நாகம் புத்தரால் அடக்கப்படுகிறது, சரி. அதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதுவதா?

கல்கத்தா இந்தியன் மியூசியத்துக்குப் போங்கள். 1873இல் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் கண்டெடுத்த பர்ஹுத் ஸ்தூபியின் கல்வேலித் தூணில் ஏரபத்தன் என்ற நாகராஜன் இருக்கிறான். ஒரே சட்டத்துக்குள் மூன்று தடவை வருகிறான்: நீரில் ஐந்து தலைப் பாம்பாக, பெண்களோடு நீரிலிருந்து எழும் மனிதனாக, கடைசியில் மரத்தடி ஆசனத்தின் முன் மண்டியிட்டவனாக. மனித உருவிலும் தலைக்கு மேல் படம் விரிந்தே இருக்கிறது. பக்கத்தில் பிராமி எழுத்தில், 'ஏரபத நாகராஜன் பகவானை வணங்குகிறான்' என்ற பொருளில் ஒரு வரி. பகவான் என்றால் இங்கே புத்தர்.

முற்பிறப்பில் அவன் ஒரு பிக்கு. கங்கையில் படகில் போகும்போது கரையோரப் புல்லைப் பிடித்தான். படகு இழுக்க, இலை அறுந்தது. இதென்ன பெரிய விஷயம் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டான். அதற்குத்தான் பாம்புப் பிறவி. பொழுது சாய்ந்தபின் துளசியில் கைவைத்தால் என் அம்மாச்சி கையில் ஒன்று போடுவாள். 'செடி தூங்குதுடா' என்பாள். அவளுக்குப் பௌத்தம் தெரியாது. ஆனால் ஓர் இலைக்காக ஒருவன் யுகக்கணக்கில் நீரில் கிடந்தான் என்றால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள்.

இப்போது ஆசனத்தைப் பாருங்கள். காலி. அந்தக் காலத்துச் சிற்பி புத்தரை மனித உருவில் செதுக்கவில்லை; காலி ஆசனம்தான் புத்தர். நாகத்துக்கோ உடல் உண்டு, பெண்கள் உண்டு, கல்லில் பெயரும் உண்டு. விழுங்கப்பட்டவனுக்கா இத்தனை மரியாதை? விழுங்கியது என்றால் ஒரு பக்கம் மிஞ்சக்கூடாது ஐயா! இங்கே கண்ணுக்குத் தெரிகிறவனே நாகன்தான்.

நீங்கள் போன சாஞ்சியிலேயே தெற்குத் தோரணத்தின் நடு உத்தரத்தில் ராமகிராம ஸ்தூபி இருக்கிறது. ஒரு பக்கம் அசோகன் பரிவாரத்தோடு வருகிறான். மறுபக்கம் நாகர்கள் வழிபடுகிறார்கள். மற்ற ஸ்தூபிகளைத் திறந்து புத்தரின் உடல் எச்சங்களான தாதுக்களை எடுத்த அசோகன், இங்கே நாகர்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினான் என்பது கதை. தோரணத்துக்குக் கீழேயே நின்றிருப்பீர்கள், அண்ணாந்து பார்க்கவில்லையா?