சம்மன் யார் கொண்டுபோவது?

அன்புள்ள சார்,

அல்-காய்தா பிரசாரகர் அன்வர் அல்-அவ்லக்கியை ஒபாமா அரசு ட்ரோன் ஏவிக் கொன்றது தவறு என்று எழுதியிருந்தீர்கள். போலீஸ் கை எட்டாத ஏமன் மலைப்பகுதியில் உட்கார்ந்துகொண்டு, விமானத்தைத் தகர்க்க ஆள் அனுப்பியவர் அவர். சம்மன் யார் கொண்டுபோவது, தபால்காரரா? அமெரிக்கக் குடிமகன் என்பதால் தனிச் சலுகையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தபால்காரர் வரியில் சிரித்துவிட்டேன். அவ்லக்கி நல்லவர் என்று நான் எங்கும் எழுதவில்லை. ஆனால் 2009 கிறிஸ்துமஸ் அன்று உள்ளாடையில் குண்டோடு டெட்ராய்ட் விமானத்தில் ஏறிய நைஜீரிய இளைஞருக்கு நீதிமன்றம் கிடைத்தது. விசாரணை தொடங்கிய இரண்டாம் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆயுள் தண்டனை. அனுப்பியவர் என்று சொல்லப்படும் அவ்லக்கி நியூ மெக்சிகோவில் பிறந்தவர். அவர் மீது அமெரிக்காவில் ஒரு பயங்கரவாதக் குற்றப்பத்திரிகைகூடத் தாக்கலாகவில்லை.

சலுகையா என்கிறீர்கள். ஏமன்காரர் உயிர் மட்டமானது என்று நான் சொல்ல மாட்டேன். உரிய சட்ட நடைமுறை இல்லாமல் யார் உயிரையும் பறிக்கக்கூடாது என்று தன் அரசமைப்பின் ஐந்தாவது திருத்தத்தில் எழுதிவைத்தது அந்த நாடு. எழுதியதையாவது படிக்கட்டுமே.

சரி, சம்மன் கொண்டுபோக ஆளில்லை. ஆனால் அவருடைய அப்பா நாசர் தானாகவே கோர்ட் படியேறினாரே! ஏமனின் முன்னாள் விவசாய அமைச்சர். மகன் பெயர் கொலைப் பட்டியலில் இருக்கிறது, தடுங்கள் என்று 2010இல் வாஷிங்டனில் வழக்குப் போட்டார். வெளிநாட்டில் இருக்கும் குடிமகனின் பேச்சை ஒட்டுக்கேட்க நீதிமன்ற அனுமதி வேண்டும், கொல்வதற்கு மட்டும் நீதிமன்றம் தலையிடக்கூடாதா என்று நீதிபதி ஜான் பேட்ஸ் தன் தீர்ப்பிலேயே கேட்டார். கேட்டுவிட்டு, அப்பாவுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி இல்லை, இது அரசு எடுக்கவேண்டிய அரசியல் முடிவு, நீதிமன்றம் தீர்ப்பதல்ல என்று தள்ளுபடியும் செய்தார். 2011 செப்டம்பர் 30 அன்று ட்ரோன் வந்தது.

அப்புறம் இரண்டே வாரம். அப்பா அவ்லக்கியைத் தேடி வீட்டைவிட்டுப் போயிருந்த பையன் அப்துல்ரஹ்மான், 16 வயது, டென்வரில் பிறந்தவன். ஏமனின் ஷப்வா மாகாணத்தில் ஒரு திறந்தவெளிச் சாப்பாட்டுக் கடையில் இருந்தபோது அடுத்த ட்ரோன் தாக்கிக் கொன்றது. அவனைக் குறிவைக்கவில்லை என்று 2013இல் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் காங்கிரசுக்கு எழுதினார்.

மகன், பேரன் சாவுக்கு நியாயம் கேட்டுத் தாத்தா நாசர் மறுபடி கோர்ட்டுக்குப் போனார். 2014இல் அதுவும் தள்ளுபடி. பேரன் விஷயத்தில் நீதிபதி சொன்ன காரணம்: குறிவைக்காமல் செத்துப்போனவனுக்கு அரசமைப்பு உரிமை பறிபோனதாக ஆகாது.