வேதாகமத்தில் பாரசீகப் பொற்காசு: வாசகர் கேள்விகள்

எஸ்றா 8:27-ல் வரும் ‘தங்கக்காசு’ எது?

தாரிக். பாரசீக மன்னர் முதலாம் தரியு (கி.மு. 522–486) வெளியிட்ட காசு. எடை சுமார் 8.4 கிராம், நம் கணக்கில் ஒரு பவுனுக்குச் சற்றே கூடுதல். ஏறக்குறைய சுத்தத் தங்கம். முன்பக்கத்தில் முடிசூடிய மன்னர், ஒரு முழங்காலை மடித்து, கையில் வில்லும் ஈட்டியுமாக இருப்பார். பின்பக்கத்தில் எழுத்தும் இல்லை, உருவமும் இல்லை. அச்சு அழுந்திய நீள்சதுரப் பள்ளம்தான்.

அதன் மதிப்பு?

கி.மு. 401-ல் பாரசீக இளவரசர் இளைய கோரேஸ் திரட்டிய கிரேக்கக் கூலிப்படையினருக்கு மாதச் சம்பளம் ஒரு தாரிக். அவர்கள் முரண்டு பிடித்ததும் ஒன்றரையாக உயர்த்தினார். அந்தப் படையில் இருந்த செனபோனே இதை எழுதி வைத்திருக்கிறார். பாபிலோனிலிருந்து ஆலயத்துக்கென்று எஸ்றா கொண்டுபோன 20 பொற்கிண்ணங்களின் பெறுமானம் 1,000 காசு. கிண்ணத்துக்கு 50 காசு என்றால், ஒரு படைவீரரின் நான்கு வருடச் சம்பளத்துக்கும் மேல்! ராஜாவிடம் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டு (8:22), காவலே இல்லாமல் இதை எருசலேம்வரை கொண்டுபோயிருக்கிறார். இதை மனதில் வைத்து அந்த அதிகாரத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள்.

தாவீதின் காலத்திலேயே இந்தக் காசு இருந்ததா? (1 நாளாகமம் 29:7)

இல்லை. தாவீது வாழ்ந்தது கி.மு. 1000 வாக்கில். லீதியாவில் (இன்றைய மேற்குத் துருக்கி) முதல் நாணயங்கள் வந்ததே கி.மு. 7-ம் நூற்றாண்டில்தான். நாளாகமத்தை எழுதியவர் தரியுவுக்குப் பிற்பட்டவர். தாவீதின் நாளில் ஆலயத்துக்குக் கொடுத்த காணிக்கையைத் தம் வாசகர்கள் அறிந்த காசில் சொல்கிறார். இதைப் ‘பிழை’ என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த நூல் எப்போது எழுதப்பட்டது என்று கணிக்க ஆய்வாளர்களுக்குக் கிடைத்த நல்ல தடயம் இது.

ஆலயக் காணிக்கைப் பட்டியலில் எஸ்றா 2-ம் நெகேமியா 7-ம் ஒத்துப்போகவில்லையே?

உண்மைதான். எஸ்றாவில் 61,000 காசு. நெகேமியாவில் 1,000, 20,000, 20,000 என மூன்று பங்கு, கூட்டினால் 41,000. ஆசாரிய வஸ்திரங்களும் எஸ்றாவில் 100, நெகேமியாவில் 597. பட்டியல் கைமாறிப் பிரதியெடுக்கப்பட்டதில் வந்த வேறுபாடு என்பதே பலர் கருத்து. இந்த இடங்களில் சொல்லப்படுவது கிரேக்க திராக்மா என்போரும் உண்டு. அப்படியானால் எடை பாதியாகிவிடும். பிரசங்கத்தில் ‘இத்தனை கிலோ தங்கம்’ என்று அடித்துச் சொல்வதைத் தவிர்ப்பது நல்லது.

தாரிக் எருசலேமில் அச்சிடப்பட்டதா?

இல்லை. வெளிப்படுத்தலில் சபையாக வரும் அதே சர்தையில்தான் முக்கிய நாணயச்சாலை இருந்ததாகக் கருதுகிறார்கள். யூதேயாவில் கி.மு. 4-ம் நூற்றாண்டில் சின்னஞ்சிறு வெள்ளிக்காசுகள் வெளியாயின. அவற்றில் ஒன்றிலிருந்த லீலிப் பூவை இன்றைய இஸ்ரேலின் ஒரு ஷெக்கல் நாணயத்தில் பார்க்கலாம்.