மாஸ்டர் பதில்கள்: அடிக்குத் தட்டினால் கோழையா?

சென்ற இதழில், எம்.எம்.ஏ. (குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு) வீரர் ஜார்ஜ் செயின்ட் பியர் ஒருமுறை குத்து தாங்காமல் கையால் தட்டி, அதாவது ‘போதும், விடு’ என்று ஒப்புக்கொண்டு, தோற்றவர் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த முறை முழுக்க அதே விஷயம்தான். கராத்தே பெல்ட் தேர்வு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர், எம்.எம்.ஏ.வில் ஒருவர் சோக்கில் (கழுத்து நெரிப்பில்) மாட்டித் தட்டினால் ‘நல்ல ஆட்டம்’ என்கிறார்கள். குத்து வாங்கும்போது தட்டினால் ‘பயந்தாங்கொள்ளி’ என்கிறார்கள். இரண்டுமே தோல்விதானே?
*கல்லூரி மாணவர், திருச்சி*

தோல்விதான். விதிப்புத்தகமும் அப்படித்தான் பார்க்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் நடைமுறையில் உள்ள பொது விதிகளில் கையால் தட்டினாலும் சரி, வாயால் சொன்னாலும் சரி, ஆட்டம் முடிந்தது. எதற்காகத் தட்டினாய் என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரணை எல்லாம் பார்க்கிறவர்கள் நடத்துவது.

காரணம், இந்த விளையாட்டு இரண்டு குடும்பத்தில் பிறந்த பிள்ளை. பிடியும் பூட்டும் (மூட்டை முறுக்கிப் பிடிப்பது) ஜூடோ, ஜியூ ஜிட்சு வழியில் வந்தவை. அங்கே தட்டுவது அன்றாடப் பழக்கம். ஒரு மாலைப் பயிற்சியில் நல்ல ஆட்டக்காரரே பலமுறை தட்டுவார். தட்டிவிட்டு எழுந்து மறுபடி பிடிப்பார். குத்து வந்ததோ குத்துச்சண்டைக் குடும்பத்திலிருந்து. அங்கே தட்டுவது என்ற ஏற்பாடே கிடையாது. விழுந்தால் பத்து எண்ணுவதற்குள் எழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவன் தரப்பு ‘நிறுத்துங்கள்’ என்று துண்டு வீச வேண்டும். அந்த வீட்டில் ‘போதும்’ என்று வாய்விட்டுச் சொன்னவனை என்ன பாடுபடுத்துவார்கள் என்பதற்கு ரொபர்ட்டோ துரான் சாட்சி. 1980 நவம்பர் 25, நியூ ஆர்லியன்ஸ், எதிரே ஷுகர் ரே லெனர்டு. எட்டாவது ரவுண்டில் துரான் முதுகைத் திருப்பிக்கொண்டு போனார். அதற்கு அப்புறம் 1983இலும் 1989இலும் உலகப் பட்டம் வென்றார் மனிதர். ஆனாலும் இன்றுவரை அவர் பெயரைச் சொன்னால் அந்த எட்டாவது ரவுண்டைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

இன்னொன்று, பூட்டில் மாட்டினவனைப் பார்த்தால் ‘சிக்கிக்கொண்டான்’ என்று தோன்றுகிறது. குத்து வாங்குகிறவனைப் பார்த்தால் ‘இன்னும் ஒன்று தாங்கலாமே’ என்று தோன்றுகிறது. ஒவ்வொரு குத்தும் தனித்தனியாகப் பார்த்தால் தாங்கக்கூடியதுதான், சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கு.

உடம்பின் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. சரியாக விழுந்த சோக்கில் பத்து விநாடி அளவில் நினைவு தப்பும். உடனே விட்டுவிட்டால் பெரும்பாலும் சில விநாடிகளில் கண் திறப்பார். ஆர்ம்பாரில் (கைப்பூட்டில்) முழங்கை போனால் அறுவை சிகிச்சை, சில மாத ஓய்வு. தலையில் தொடர்ந்து விழும் குத்து மண்டைக்குள் மூளையைக் குலுக்குகிறது, அது வருஷக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. அதற்குக் கட்டுப்போட வழியில்லை. எந்தத் தட்டலுக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று கேட்டால், இந்தத் தட்டலுக்குத்தான் என்பேன்.

செயின்ட் பியர் உண்மையிலேயே தட்டினாரா, ரெஃப்ரி நிறுத்தினாரா? பதிவில் டி.கே.ஓ. (அடி தாங்காத நிலையில் ரெஃப்ரி நிறுத்திய முடிவு) என்றுதானே இருக்கிறது?
*வங்கி ஊழியர், நாகர்கோவில்*

தட்டினார். 2007 ஏப்ரல் 7, ஹூஸ்டன், யூ.எஃப்.சி. 69 (யூ.எஃப்.சி. என்பது எம்.எம்.ஏ. போட்டி நடத்தும் அமெரிக்க நிறுவனம்). எதிரே மாட் செர்ரா. நியூயார்க்காரர், ஜியூ ஜிட்சுவில் கருப்பு பெல்ட், ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் ஜெயித்துப் பட்ட வாய்ப்பு வாங்கியவர். பந்தயக்காரர்கள் யாரும் அவரை மதிக்கவில்லை. செயின்ட் பியருக்கோ பட்டம் கைக்கு வந்து ஐந்து மாதம்கூட முடியவில்லை.

முடிந்தால் அந்த முதல் ரவுண்டைப் பாருங்கள். செர்ராவின் வலக்கை வளைந்து வந்து தலையின் பக்கவாட்டில் பட்டதும் செயின்ட் பியரின் கால் குழைகிறது. ஓடிப் போகலாம், போகவில்லை, திருப்பி அடிக்கப் பார்க்கிறார். கால் தலையின் பேச்சைக் கேட்கவில்லை. திரும்பத் திரும்பத் தடுமாறி, கடைசியில் மல்லாந்து விழுகிறார். செர்ரா மேலே ஏறிக் குத்துகிறார். கீழிருந்து ஒரு கை தட்டுகிறது, ரெஃப்ரி பாய்ந்து விலக்குகிறார். 3 நிமிடம் 25 விநாடி.

அந்தத் தட்டலைப் பல வருஷம் சொல்லிக் காட்டினார்கள். அதிகம் சொன்னவர் பி.ஜே. பென். 2009 ஜனவரி 31 அன்று இருவரும் மோதும் முன், விளம்பர நிகழ்ச்சியிலேயே செயின்ட் பியரைப் பாதியில் விட்டுப் போகிற ஆள் என்று ஏசினார். ஆட்டம் என்ன ஆயிற்று? நான்கு ரவுண்டு தரையில் போட்டு அரைத்தார் செயின்ட் பியர். ஐந்தாவதுக்குப் பென் எழுந்திருக்கவில்லை. அவருடைய கார்னரே (ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர் குழு) நிறுத்தியது. அதில் எந்தக் கேவலமும் இல்லை, புத்திசாலித்தனம்தான். ஆனால் அதே புத்திசாலித்தனத்தை எதிராளி காட்டியபோது அதற்கு வேறு பெயர் வைத்தாரே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

செயின்ட் பியர் அதைத் தலைக்குள் சுமக்காமலும் இல்லை. மனநல ஆலோசகரின் யோசனைப்படி ஒரு செங்கல்லில் செர்ரா பெயரை எழுதி, அதைத் தூக்கிக்கொண்டு திரிந்து, பிறகு ஆற்றில் எறிந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 2008 ஏப்ரலில் மான்ட்ரியலில் செர்ராவை இரண்டாவது ரவுண்டில் முடித்தார். ஹூஸ்டனுக்குப் பிறகு பதின்மூன்று ஆட்டம், பதின்மூன்றும் வெற்றி. ஹூஸ்டனில் தட்டாமல் இன்னும் ஏழெட்டுக் குத்து வாங்கியிருந்தால் இந்தப் பதின்மூன்றும் வந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

இவர் ஒருவர்தானா? பெயர் சொல்லுங்கள்.
*‘சண்டைப் பிரியன்’, தஞ்சாவூர்*

டிட்டோ ஓர்ட்டிஸ். 1999 செப்டம்பரில் ஃபிராங்க் ஷாம்ராக்கின் குத்துக்குத் தட்டினார். மூச்சே இல்லை மனிதரிடம். அடுத்த ஏப்ரலில் டோக்கியோவில் வான்டர்லே சில்வாவை வென்று அதே எடைப் பட்டத்தைப் பிடித்தார்.

முதல் யூ.எஃப்.சி.யிலேயே ஒரு தட்டல் உண்டு. 1993 நவம்பர் 12, டென்வர். ஆர்ட் ஜிமர்சன் என்ற குத்துச்சண்டைக்காரர் ஒரே ஒரு கையில் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்தார். ஹாய்ஸ் கிரேசி அவரைக் கீழே போட்டு மேலே உட்கார்ந்தார். பூட்டும் இல்லை, சோக்கும் இல்லை, ஜிமர்சன் தட்டிவிட்டார். இன்றைக்கும் சிரிக்கிறார்கள். நேர வரம்பு இல்லாத ஆட்டம், நடுவர் புள்ளி இல்லை, மேலே இருப்பவன் அடுத்து என்ன செய்வான் என்று தெரியாது. சிரிக்கிறவர்கள் ஒருமுறை யாரையாவது நெஞ்சின்மேல் உட்காரச் சொல்லிப் பார்க்கட்டும்.

லெஸ்னர் - கார்வின் ஆட்டம் பார்த்திருப்பீர்கள். அன்று லெஸ்னர் தட்டியிருந்தால் வரலாறே மாறியிருக்குமே! தட்டுவதை ஊக்கப்படுத்தினால் இப்படிப்பட்ட மீட்சி எங்கே வரும்?
*பொறியாளர், ஓசூர்*

நல்ல கேள்வி. எதிர்த் தரப்பில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 2010 ஜூலை 3, லாஸ் வேகாஸ். முதல் ரவுண்டில் ஷேன் கார்வின் குத்தியதைப் பார்த்தால் லெஸ்னர் அவ்வளவுதான் என்று யாரும் சொல்வார்கள். இரண்டாவது ரவுண்டில் கார்வினுக்கு மூச்சு காலி. லெஸ்னர் கழுத்தையும் கையையும் சேர்த்து நெரித்துத் தட்ட வைத்தார்.

ஆனால் முதல் ரவுண்டை மறுபடி போட்டு லெஸ்னரின் கைகளை மட்டும் பாருங்கள். தலையை மூடியிருக்கின்றன. உடம்பு சுவரோரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. காலால் தள்ளிப் பார்க்கிறார். அடிவாங்குகிறார், ஆனால் வேலையில் இருக்கிறார். ரெஃப்ரி நிறுத்தாமல் விட்டதும் அதனால்தான். எனக்குத் தெரிந்த கோடு இது ஒன்றுதான்: அடுத்த அடி எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறவரை ஆடலாம். தெரியவில்லை என்றால் நீங்கள் ஆடவில்லை, உங்கள்மேல் ஆட்டம் நடக்கிறது. அந்த நிலையில் தட்டாமல் இருப்பதால் தோல்வி மாறப்போவதில்லை. முடிவெடுக்கும் வேலை ரெஃப்ரியிடம் போகிறது, அவர் முடிவெடுக்கிற நேரத்துக்குள் நாலு குத்து கூடுதலாக விழுகிறது.

ரெஃப்ரிக்கு அந்த அதிகாரம் வந்த கதையும் இதுதான். ஆரம்பத்தில் தட்டினாலோ, மயங்கினாலோ, துண்டு விழுந்தாலோதான் ஆட்டம் முடியும். இரண்டாவது யூ.எஃப்.சி.யில் ரெஃப்ரியாக நின்ற ஜான் மெக்கார்த்தி, அடிவாங்குகிறவனும் தட்டாமல், அவன் கார்னரும் துண்டு வீசாமல் நிற்பதைப் பார்த்தார். நிறுத்தும் உரிமை கொடுத்தால்தான் தொடர்வேன் என்றார். மூன்றாவதிலிருந்து கொடுத்தார்கள்.

தட்ட வெட்கமாக இருந்தால் ரவுண்டு இடைவேளையில் கார்னரிடம் சொல்லிவிடலாமே?
*வாசகி, புதுச்சேரி*

சொல்லலாம், கேட்கிற காது இருந்தால். 2018 மே 12, ரியோ. அமண்டா நூனெஸுடன் நான்கு ரவுண்டு அடிவாங்கிய ராகெல் பெனிங்டன் ஸ்டூலில் உட்கார்ந்து, எனக்குப் போதும் என்று தெளிவாகச் சொன்னார். மைக்கில் உலகமே கேட்டது. கார்னர், இல்லை இல்லை, சமாளி என்று எழுப்பி அனுப்பியது. ஐந்தாவது ரவுண்டில் இரத்தம் வழிய நின்றவரை ரெஃப்ரிதான் காப்பாற்றினார்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்கக் கூடாது. பெனிங்டன் பிற்பாடு தன் கார்னரைக் குறை சொல்லவில்லை, அவர்கள் பக்கமே பேசினார். 2024 ஜனவரியில் டொரான்டோவில் அதே எடையில் பட்டமும் வென்றார். பார்த்தாயா, தள்ளிவிட்டதால்தான் ஜெயித்தாள் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஐந்தாவது ரவுண்டால் வந்த பட்டம் இல்லை அது. அதையும் மீறி வந்தது.

இரண்டு வருஷம் கழித்து, 2020 ஜூன் 20, லாஸ் வேகாஸ். மேக்ஸ் ரோஸ்காஃப் சில நாள் முன்னறிவிப்பில் முதல் யூ.எஃப்.சி. ஆட்டத்துக்கு வந்தவர். இரண்டாவது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்து, நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். பயிற்சியாளர் உற்சாக வார்த்தை சொல்லிக்கொண்டே இருக்கிறார். பக்கத்தில் நின்ற, போட்டியை மேற்பார்வையிடும் ஆணைய அலுவலர் காதில் விழுந்து ஆட்டம் நின்றது. சில நாளில் யூ.எஃப்.சி. ரோஸ்காஃபை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தது.

இதைப் படிக்கிற ஒரு இளம் வீரர் என்ன பாடம் எடுத்துக்கொள்வார்? இதில் கூலிக் கணக்கும் கலந்திருக்கிறது. பல ஒப்பந்தங்களில் ஆடுவதற்கு ஒரு தொகை, ஜெயித்தால் அதே அளவுக்கு இன்னொரு தொகை. தோற்றால் பாதி போச்சு. ‘விட்டுட்டுப் போனவன்’ என்று பெயர் வாங்கினால் அடுத்த அழைப்பும் போச்சு. வீரம் என்று நாம் கைதட்டுவதில் கொஞ்சம் வீட்டு வாடகையும் இருக்கிறது.

நீங்கள் எப்போதாவது தட்டியிருக்கிறீர்களா?
*குறும்பு வாசகர், கரூர்*

ஜூடோக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? தட்டித் தட்டி வலது உள்ளங்கையே தடித்துப்போயிருக்கிறது. கை இரண்டும் சிக்கினால் காலால் தட்டுவோம், அதுவும் முடியாவிட்டால் ‘மைட்டா’ (தோற்றேன்) என்று கத்துவோம்.

என் பெண்ணுக்குப் பதினாறு வயது. எம்.எம்.ஏ. வகுப்புக்குப் போகிறாள். ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) அடிபட்டுத் தட்டினாளாம். ‘பூட்டுக்கு மட்டும்தான் தட்டணும், அடிக்குத் தட்டினா நாளைக்கு வராதே’ என்றாராம் மாஸ்டர். இரண்டு நாளாகத் தலைவலி என்கிறாள். அவளோ மாஸ்டர் சொன்னதே சரி என்கிறாள். என்ன செய்ய?
*ஒரு தாய், சென்னை*

அம்மா, முதலில் டாக்டர். அப்புறம்தான் மாஸ்டர். தலையில் அடிபட்டு இரண்டு நாள் தலைவலி என்றால் இன்றைக்கே கூட்டிப் போங்கள். வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சில் குழறல், ஒரு பக்கம் பலவீனம் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். ஹெட்கியர் போட்டிருந்தாள் என்பதை வைத்துச் சமாதானம் ஆக வேண்டாம். அது வெட்டுக் காயத்தைக் குறைக்கும், உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. டாக்டர் சரி என்று சொல்கிறவரை ஸ்பாரிங் கிடையாது, ஓடுவதும் குதிப்பதும்கூட அவரைக் கேட்டுத்தான்.

அந்த மாஸ்டரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், சண்டை போட வேண்டாம். பயிற்சியில் எத்தனை வேகத்தில் அடிக்கவிடுகிறார், அவளை என்ன எடை, என்ன வயது ஆளோடு இறக்கினார் என்று கேளுங்கள். பதினாறு வயதுப் பெண் ஸ்பாரிங்கில் தட்ட வேண்டிய நிலைக்கு அடி விழுந்தால் தப்பு தட்டினவளுடையது இல்லை, ஜோடி சேர்த்துவிட்டவருடையது. இதைச் சொன்னதும் ‘சரிம்மா, பார்த்துக்கிறேன்’ என்றால் இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாம். ‘இப்படிப் பயந்தா எப்படி?’ என்று ஆரம்பித்தால், மூன்று மாதக் கட்டணம் முன்கூட்டியே கட்டியிருந்தாலும் போகட்டும், பெண்ணின் கிளவுஸை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிடுங்கள்.